படிக்கத் தெரியாதவர் பார்க்கலாமா? சீனத் தூரிகைக் கலையை ரசிப்பது குறித்த நெடிய வாதம்

சீன எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவர் சீன வனப்பெழுத்தை ரசிக்க முடியுமா? ஓவியத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும் கவிதை புரியாதவர் அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாமா? இந்தக் கேள்விக்குச் சீனர்களே ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறார்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சில பதில்கள் சொன்னவரையே மறுக்கின்றன.

சிங்கப்பூரின் வட எல்லையில், 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம் தொடங்குகிற உட்லண்ட்ஸில், இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அல்ல. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் வீவக புளோக்குகளில் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே தளத்தில் குடியிருக்கிறார்கள். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது பக்கத்து வீட்டு வாசலின் இருபுறமும் சிவப்புத் தாளில் கறுப்பு அல்லது பொன் மையால் எழுதிய வாழ்த்து வரிகள் ஏறுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் அவற்றைக் கடந்துதான் மின்தூக்கிக்குப் போகின்றன. 1999இல் வெளியான 50 வெள்ளித் தாளின் பின்புறத்தில் கொடிகளுக்கிடையே இரண்டு கிப்பன் குரங்குகள் இருக்கின்றன. அது சிங்கப்பூர் ஓவியர் சென் வென் ஷி சீன மையில் தீட்டிய ஓவியம். அந்தத் தாள் இந்நாட்டுத் தமிழர் ஒவ்வொருவரின் கையிலும் எப்போதாவது புரண்டிருக்கும்.

இது தமிழருக்கு மட்டுமான கேள்வியும் அல்ல. சிங்கப்பூர் 1969இல் எளிமைப்படுத்திய சீன எழுத்துகளைப் பள்ளிகளில் புகுத்தத் தொடங்கியது. 1976இல் சீனாவின் எளிய வடிவங்களை முழுமையாக ஏற்றது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. வனப்பெழுத்தோ இன்றும் பெரும்பாலும் பழைய, முழு வடிவ எழுத்துகளில்தான் எழுதப்படுகிறது. ஆகவே நகர மண்டப வட்டாரத்தில் உள்ள தேசியக் கலைக்கூடத்தின் சுவர் முன்னால் நிற்கும் சீன இளைஞர் பலருக்கும் அங்குள்ள வரிகள் எளிதில் வசப்படுவதில்லை. படிக்கத் தெரியாதவரின் ரசனை என்பதை இனி அயலாரின் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது.

படித்தவர்களின் கலை என்னும் நிலை

மிகப் பழையதும் மிக வலுவானதுமான நிலைப்பாடு, இது கற்றோர் கலை என்பது. அரசுத் தேர்வெழுதிப் பதவிக்கு வந்த அறிஞர்கள் கணக்கும் கடிதமும் கவிதையும் ஒரே தூரிகையால்தான் எழுதினார்கள். அதே தூரிகைதான் மூங்கிலையும் பாறையையும் வரைந்தது. தாங் காலப் பேரரசர் சுவான்சோங், ஜெங் சியன் என்பவரின் கவிதை, எழுத்து, ஓவியம் மூன்றையும் ஒருசேரப் புகழ்ந்ததாக மரபு சொல்கிறது. அந்த மூன்றும் ஒன்றாக அமைவதே உயர்ந்த நிலை என்ற எண்ணம் பின்னால் வேரூன்றியது. 847இல் முடிந்த தமது ஓவிய வரலாற்று நூலில் ஜாங் யென்யுவான், எழுத்தும் ஓவியமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று எழுதினார். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஜாவ் மெங்ஃபூ இதைச் செயல்முறை விதியாகவே ஆக்கினார்: பாறையை வறண்ட தூரிகைக் கீற்றாலும் மரத்தைப் பழைய முத்திரை எழுத்தின் கோட்டாலும் வரைய வேண்டும்.

இந்த நிலைப்பாட்டுக்குச் சிறந்த சான்று, யான் ஜென்சிங் 758இல் தம் உறவுப் பையனுக்காக எழுதிய இரங்கலுரையின் வரைவு. அது இப்போது தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விவரம் தெரியாமல் பார்த்தால் அடித்தல் திருத்தல் மலிந்த தாள். சில இடங்களில் மை வழிகிறது, சில இடங்களில் வற்றிப்போகிறது, வரிகள் கோணுகின்றன. ஆன் லூஷான் கிளர்ச்சியில் அந்தப் பையன் கொல்லப்பட்டான், அவனது தலை மட்டுமே குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தது என்று அறிந்தபின் அதே தாள் வேறொன்றாகிறது. கடைசி வரிகளில் தூரிகை ஏன் அப்படி ஓடுகிறது என்பதற்குச் சொற்களின் பொருள்தான் விடை தருகிறது. தண்டனையாக ஹுவாங்ஜோவுக்கு அனுப்பப்பட்ட நாட்களில் சொங் காலக் கவிஞர் சூ ஷி 1082இல் இயற்றிய குளிர்உணவு நாள் கவிதைகளின் கையெழுத்தும் இத்தகையதே. மழையும் வறுமையும் பற்றிய வரிகளில் எழுத்துகள் பெருத்தும் சிறுத்தும் வருகின்றன. அதே சுருளில் ஹுவாங் திங்ஜியன் பின்னர் எழுதிச் சேர்த்த பாராட்டுரையும் இருக்கிறது. பின்னால் வந்த உடைமையாளர்கள் தங்கள் கருத்தை எழுதுவதும் சிவப்பு முத்திரை பதிப்பதும் படைப்பின் பகுதியாகவே கருதப்பட்டன. சியன்லொங் பேரரசர் முத்திரை பதிப்பதில் அளவே வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை பேர் பேசியிருக்கும் ஒரு தாளை வாயடைத்து நின்று பார்ப்பவருக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான்.

ஆனால் இந்த நிலைப்பாட்டைக் குலைப்பவர்கள் உள்ளிருந்தே வருகிறார்கள். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாங் செங்சியன், எழுத்தில் உயிர்ப்பு முதலில், வடிவம் அடுத்து என்றார். 8ஆம் நூற்றாண்டில் ஜாங் ஹுவாய்குவான் இன்னும் ஒரு படி போனார்: ஆழ்ந்து அறிந்தவர் எழுத்தின் உயிரொளியை மட்டுமே பார்ப்பார், எழுத்துருவமே அவர் கண்ணில் படாது. துறவி ஹுவாய்சு 777இல் எழுதிய தன்வரலாற்றுச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டற்ற அந்த ஓட்டெழுத்தை வாசிக்க நன்கு படித்த சீனருக்கும் அச்சுப்படி துணை வேண்டும். அப்படியானால் படித்தவர், படிக்காதவர் என்ற கோடு எங்கே விழுகிறது? வனப்பெழுத்தின் மணிமுடியாகப் போற்றப்படும் வாங் ஷிச்சியின் லான்திங் முன்னுரையின் கதையும் இங்கே பொருந்தும். 353இல் எழுதப்பட்ட மூலம் இன்று இல்லை. 649இல் இறந்த தைசோங் பேரரசர் அதைத் தம்மோடு புதைக்கச் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. எஞ்சியவை மேலே தாள் வைத்து எடுத்த படிகளும் கல்லச்சுப் படிகளுமே. சொற்கள்தான் முக்கியம் என்றால் அச்சிட்ட நூலே போதும். தலைமுறை தலைமுறையாக அந்தக் கோடுகளைத் தேடி உருகியிருக்கத் தேவையில்லை.

வடிவமே போதும் என்றவர்கள்

எதிர்நிலை, 20ஆம் நூற்றாண்டில் சீனாவுக்கு வெளியே வாழ்ந்த சீனர்களிடம் கூர்மை பெற்றது. லண்டனில் வாழ்ந்த சியாங் யீ 1938இல் வனப்பெழுத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். சீனம் தெரியாத வாசகரும் இந்தக் கலையின் அழகை உணர முடியும் என்பதே அந்த நூலை எழுதத் தூண்டிய நம்பிக்கை. லின் யூதாங் 1935இல் வெளியிட்ட நூலில், சீன அழகுணர்வின் அடித்தளமே வனப்பெழுத்துதான், கோட்டின் அழகையும் கட்டமைப்பின் அழகையும் சீனர் கற்றது அங்கேதான் என்று வாதிட்டார். இதே லின் யூதாங் 1954இல் நன்யாங் பல்கலைக்கழகத்தின் தலைமையை ஏற்கச் சிங்கப்பூருக்கு வந்து, மறு ஆண்டே விலகிப் போனவர். அப்பல்கலைக்கழகத்தின் நுழைவாயில் எழுத்துகளை எழுதியவர் யூ யோரென் என்ற பெரும் வனப்பெழுத்தாளர். லின் விலகிய பிறகு அங்கே பொதுச்செயலாளராகப் பணியாற்றிய பான் ஷோ, சிங்கப்பூர் கண்ட வனப்பெழுத்தாளர்களில் முதல் வரிசையில் நிற்பவர். ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் இத்தனை தூரிகைகள் குறுக்கிடுவது தற்செயல் அல்ல. சீனமொழிக் கல்வி இங்கே தன்னை நிறுவிக்கொண்டதற்கு அந்தக் கையெழுத்துகள் அடையாளம்.

வடிவவாதிகளின் பக்கம் சீனக் கலைஞர் ஷு பிங் 1988இல் பெய்ஜிங்கில் காட்டிய படைப்பு ஒரு சோதனைக் களமானது. சுமார் 4,000 எழுத்துகளை அவர் தாமே கற்பித்து மரக்கட்டைகளில் செதுக்கி அச்சிட்டார். அவை அசல் சீன எழுத்துகளைப் போலவே இருந்தன. ஒன்றுகூட உண்மையான எழுத்து இல்லை. அதன் முன் நின்ற சீனப் பேராசிரியரும் சீனம் அறியாத அயல்நாட்டவரும் ஒரே நிலைக்கு வந்தார்கள். படிக்க முடியாமல் பார்ப்பது என்றால் என்னவென்று படித்தவர்களுக்கு உணர்த்திய படைப்பு அது.

சிங்கப்பூரில் இதை வேறு வழியில் எட்டியவர் லிம் ஸே பெங். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். 2003இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். 2025 பிப்ரவரியில் தமது 103ஆவது வயதில் மறைந்தவர். பிற்காலத்தில் அவர் எழுதிய ‘குழம்பிய எழுத்து’களில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி, படிக்க முடியாத கறுப்புக் காடாக மாறுகின்றன. வாசிப்பைத் துறந்த பிறகும் அதில் எழுத்தின் எலும்பு தெரிகிறது. அதை வெறும் கிறுக்கல் என்று யாராலும் சொல்ல முடியாததற்கு அதுவே காரணம்.

இந்த நிலைப்பாட்டின் குறை, ‘வெறும் வடிவம்’ என்று ஒன்று இருப்பதாக அது நம்பிவிடுவது. கண்ணுக்கும் பழக்கம் உண்டு. சீன எழுத்து ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரத்துக்குள் நிற்கிறது. அந்தச் சதுரத்தை உணராதவருக்கு, எழுதியவர் துணிந்து அதை மீறியிருப்பது தெரியாது. காங் யூவெய் 1891இல் வெளியிட்ட நூலில், வடசீனப் பழங்கற்களில் வெட்டப்பட்ட முரட்டு எழுத்துகளே மெருகேறிய கையெழுத்து மரபைவிட வலிமை மிக்கவை என்று வாதாடி ஒரு தலைமுறையின் ரசனையையே திருப்பினார். (அரசியல் அகதியாக 1900இல் அவர் சிங்கப்பூரிலும் அடைக்கலம் பெற்றார்.) அந்தக் கல்லெழுத்துகளைப் பயிற்சியில்லாத கண் பார்த்தால் கைதிருந்தாத வேலை என்றே நினைக்கும். வடிவம் தானே பேசுவதாக இருந்தால் காங் யூவெய் அப்படி வாதாட வேண்டியே வந்திராது.

கையின் தடம்

மூன்றாவது நிலைப்பாடுதான், என் மதிப்பீட்டில், மற்ற இரண்டையும்விட ஆழமாகப் போகிறது. வனப்பெழுத்து என்பது படிக்கப்படும் செய்தியும் அல்ல, பார்க்கப்படும் வடிவமும் அல்ல. அது நடந்து முடிந்த ஓர் அசைவின் பதிவு என்கிறது இது. சுன் குவோதிங் 687இல் எழுதிய எழுத்தியல் நூலில் இதன் வித்துகள் உள்ளன. மிதமான வானிலை, தாளும் மையும் ஒத்துழைப்பது, எழுதவேண்டும் என்ற திடீர் உந்துதல் என எழுத்து கூடிவருவதற்கான ஐந்து நிலைமைகளையும், கூடிவராததற்கான ஐந்தையும் அவர் எடுத்துரைக்கிறார். எழுத்தை ஒரு பொருளாகக் காணாமல் நிகழ்வாகக் கண்டவரின் பேச்சு அது.

இது பொருள்களின் இயல்பிலேயே இருக்கிறது. ஆன்ஹுய் மாநிலத்தின் ஜிங் வட்டாரத்தில் நீலச் சந்தனம் எனப்படும் மரத்தின் பட்டையையும் நெல் வைக்கோலையும் கொண்டு செய்யப்படும் சுவான் தாள், மெருகேற்றாத நிலையில் மையை உடனே உறிஞ்சிவிடும். தூரிகை ஒரு கணம் தயங்கினால் அந்தத் தயக்கம் கறையாகப் பரவும். விரைந்தால் மயிரிழைகளுக்கிடையே தாளின் வெள்ளை கோடுகோடாகத் தெரியும். அழிக்க முடியாது, மேல்பூச முடியாது. மை கரியும் விலங்குப் பசையும் சேர்ந்தது. கல்லில் தேய்க்கும்போது சேர்க்கும் நீரின் அளவைப் பொறுத்து, அடர்கறுப்பிலிருந்து மங்கிய சாம்பல்வரை ஒரே தூரிகையில் ஐந்து நிறங்கள் இருப்பதாகக் கலைஞர்கள் சொல்வார்கள். தூரிகையின் முனை கோட்டின் நடுவே ஓடியதா ஓரமாகச் சாய்ந்ததா, தொடக்கத்தில் முனையை உள்ளே மடித்து மறைத்தாரா வெளியே விட்டாரா என்பதெல்லாம் தாளில் அப்படியே தங்கிவிடுகின்றன. கோடுகளை இடும் வரிசையும் வகுக்கப்பட்டது: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். ஆகவே பார்ப்பவர், எழுதியவரின் கையை முதற்கோட்டிலிருந்து கடைசிக் கோடுவரை தம் மனத்தால் பின்தொடர முடிகிறது. சில கணங்களில் எழுதி முடிந்ததை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே வேகத்தில் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். வேறெந்த நிலைத்த கலையும் காலத்தை இவ்வளவு முழுமையாகப் பிடித்து வைப்பதாகத் தெரியவில்லை.

இந்த நிலைப்பாடு சீனம் தெரியாதவருக்குக் கதவைத் திறக்கிறது, ஆனால் இலவசமாக அல்ல. அவர் மொழியைக் கற்க வேண்டியதில்லை. கோட்டின் வரிசையையும் தூரிகையின் நடத்தையையும் கற்றாக வேண்டும். சிங்கப்பூரின் சமூக மன்றங்களில் நடக்கும் தூரிகை வகுப்புகளும், 1968இல் தொடங்கிய சிங்கப்பூர் சீன வனப்பெழுத்துச் சங்கமும் இதற்கான வழிகள். அச்சங்கம் இயங்கும் வாட்டர்லூ தெரு, லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகும் தொலைவுதான். ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து இருக்கும் அதே தெரு. சில வாரங்கள் கோடு இட்டுப் பழகிய கை, கண்ணுக்குப் புதுப் பார்வை தருகிறது என்பதைப் பயிற்றுநர் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. படியெடுத்தே கற்கும் மரபில் போலியும் அசலும் கலந்துவிட்டன. லான்திங் படியில் நாம் பின்தொடர்வது வாங் ஷிச்சியின் கையையா, படியெடுத்தவரின் கையையா? தவிரவும், கையால் பழகியவரே ரசிகர் என்று வைத்தால் ‘படித்தவர்’ என்ற பழைய வேலி போய் ‘பயின்றவர்’ என்ற புது வேலி முளைக்கும்.

எழுத்தும் ஒழுக்கமும்

நெஞ்சு நேராக இருந்தால் தூரிகையும் நேராக இருக்கும் என்று லியூ கோங்சுவான் தாங் பேரரசரிடம் சொன்னதாக ஒரு புகழ்பெற்ற செய்தி உண்டு. எழுத்தைப் பார்த்து மனிதரை அளக்கலாம் என்ற இந்தக் கொள்கை நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. வரலாறு அதைப் பொய்யாக்கியது. சொங் அரசகுலத்தில் பிறந்த ஜாவ் மெங்ஃபூ, அந்தக் குலத்தை வீழ்த்திய மங்கோலியரிடம் பதவி ஏற்றார். அவரது எழுத்தை 17ஆம் நூற்றாண்டில் ஃபூ ஷான் அடிமைத்தனமானது என வெறுத்தார். முதுமையில் அந்த எழுத்தின் சிறப்பை அவரே ஒப்புக்கொண்டார். மிங் வீழ்ந்தபின் சிங் அரசில் சேர்ந்த வாங் துவோவின் எழுத்தும் இன்று பெருமதிப்போடு போற்றப்படுகிறது. இந்தக் கொள்கையை இனிக் கைவிடுவதே நல்லது.

உருவ ஒப்புமையா, உயிரோட்டமா

ஓவியத்தின் பக்கம் கேள்வி சற்று மாறுகிறது. மலையும் குருவியும் யாருக்கும் தெரிகின்றன. படிப்பு தேவையில்லை என்று தோன்றும். அப்படித் தோன்றுவதையே சூ ஷி கண்டித்தார். உருவ ஒப்புமையை வைத்து ஓவியத்தை மதிப்பிடுவது சிறுபிள்ளைத்தனம் என்பது அவர் கருத்து. அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் ஷியே ஹே வகுத்த ஆறு விதிகளில் முதல் விதியே உயிர்மூச்சின் அசைவு. இயற்பொருளோடு ஒத்திருத்தல் மூன்றாவதாகத்தான் வருகிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே நெருக்கமான ஒரு வாதம் கிளைக்கிறது. காமசூத்திரத்துக்கு யசோதரர் எழுதிய உரையில் ஓவியத்தின் ஆறு அங்கங்கள் சொல்லப்படுகின்றன: உருவ வேறுபாடு, அளவு, பாவம், லாவண்யம், ஒப்புமை, வண்ணக் கலப்பு. ஷியே ஹேயின் ஆறுக்கும் இந்த ஆறுக்கும் உள்ள உறவை அவனீந்திரநாத் தாகூர் எடுத்துப் பேசினார். பௌத்தத்தோடு இந்தியக் கோட்பாடு சீனாவுக்குப் போயிருக்கலாம் என்ற ஊகம் பிறந்தது. அதன் பலவீனம் காலக்கணக்கில் உள்ளது: ஷியே ஹே 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவர், யசோதரர் பல நூற்றாண்டுகள் பின்னவர். யசோதரர் பழைய மரபையே எடுத்துரைத்தார் என்று வாதிடலாம், நிறுவ முடியாது. எண் ஒற்றுமை ஒன்றைக்கொண்டு கடனை நிறுவுவது பொறுப்பாகாது.

இதைவிடப் பயனுள்ள வழியில் சென்றவர், கொழும்பில் 1877இல் பிறந்து பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி. 1934இல் வந்த நூலின் முதற்கட்டுரையில் அவர் யார் யாரிடம் கடன் வாங்கினார் என்று துருவவில்லை. கண்முன் உள்ள பொருளைப் படியெடுக்காமல், உள்ளத்தில் திரண்ட உருவை வெளிப்படுத்துவதே இரு மரபுகளுக்கும் பொது என்று காட்டினார். அவரிடமும் குறை உண்டு. ஆசியா முழுவதையும் ஒரே ஆன்மிக நோக்கில் அடக்கியதால், நண்பரின் விருந்தில் போதையில் மூங்கில் வரைந்த சூ ஷி போன்றவர்களின் விளையாட்டுத்தனம் அவர் பக்கங்களில் காணாமல் போகிறது. ஆனாலும் சோழர் செப்புத் திருமேனியை உடற்கூற்று அளவுகோலால் அளக்கக் கூடாது என்று அறிந்த தமிழருக்கு, சீன மலையோவியத்தைப் புகைப்படத்தோடு ஒப்பிடக் கூடாது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த அறிவுக்கு இவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நன்யாங்கில் இடம்மாறிய தூரிகை

தென்கடல் நாடுகளைச் சீனர் நன்யாங் என்றார்கள். தூரிகை இங்கே வந்ததும், எதை வரைவது என்ற புதுக் கேள்வி எழுந்தது. 1938இல் லிம் ஹாக் தாய் நன்யாங் நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார். 1939இல் சீன ஓவியர் ஷு பெய்ஹோங் போர் நிவாரணத்துக்காகச் சிங்கப்பூரில் ஓவியக் கண்காட்சி நடத்தினார். பின்னர் ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதன் சென்றார். அங்கே 1937இல் சீன பவனத்தை நிறுவிய தான் யுன்ஷான், தாகூரைச் சந்தித்தது 1927இல் சிங்கப்பூரில். இந்தியாவும் சீனாவும் கலை பேசிய வழியில் இந்தத் தீவு ஒரு சத்திரமாக இருந்திருக்கிறது.

சென் சோங் சுவீ, சென் வென் ஷி, சியோங் சூ பியெங், லியு காங் நால்வரும் 1952இல் பாலித் தீவுக்குப் போய்வந்தது இங்கத்திய கலை வரலாற்றில் பெரிய திருப்பம். பின்னர் அவர்கள் ஒரே வழியில் நடக்கவில்லை. சென் சோங் சுவீ மலாய்க் கம்பத்து வீடுகளையும் தென்னைகளையும் சீன மையில் வரைந்து, மேலே சீன வரிகளை எழுதினார். கலை மக்களுக்கு விளங்க வேண்டும், உருவத்தைக் கைவிட்டால் அந்தத் தொடர்பு அறும் என்பது அவர் உறுதி. சென் வென் ஷியோ வீட்டில் கிப்பன் குரங்குகளை வளர்த்து அவற்றின் அசைவைக் கற்றவர். அதே கையால் கொக்குகளையும் நாரைகளையும் கோணத் துண்டுகளாக உடைத்து அரூபத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனார். அடுத்த தலைமுறையில் சுவா எக் கே சைனாடவுன் தெருக்களை மையில் தீட்டி, 1991இல் யூஓபி வங்கியின் ஓவியப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். மலையும் அருவியும் இல்லாத ஊரில் மலையோவிய மரபு என்ன செய்யும் என்பதற்கு அவரது தெருக்கள் மிக நேர்மையான பதில்.

சீனாவில் இதே வழக்கு வெளிப்படையான சண்டையானது. ஓவியர் வூ குவான்ஜோங் 1992இல் ஹாங்காங் இதழ் ஒன்றில், ஓவியத்தின் உள்ளடக்கத்திலிருந்து பிரித்த தூரிகை-மைத் திறனுக்கு மதிப்பு சுழி என்று எழுதினார். அந்தத் திறனே சீன ஓவியத்தின் கடைசி அரண், அதையும் விட்டால் எஞ்சுவது எதுவுமில்லை என்று ஜாங் திங் சில ஆண்டுகளில் மறுத்தார். வூ தமது 113 படைப்புகளை 2008இல் சிங்கப்பூருக்கு வழங்கினார். அவற்றின் முன் நின்றால் அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி என்று படுகிறது: சுற்றித் திரியும் கோடும் அங்கங்கே தெறித்த வண்ணப் புள்ளிகளும் எந்த மொழியாரையும் நிறுத்திவிடும். ஆனால் அந்தக் கோட்டின் உறுதி, அவர் சுழி என்று சொன்ன பயிற்சியிலிருந்தே வந்தது. இந்த முரணை அவரது எழுத்து தீர்க்கவில்லை.

தமிழிசை வழக்கு தரும் வெளிச்சம்

படிக்காமல் ரசிக்கலாமா என்ற கேள்வியைத் தமிழர் இன்னொரு கலையில் ஏற்கெனவே விவாதித்திருக்கிறார்கள். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழிசை மாநாடும், 1943இல் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில் சென்னையில் அமைந்த தமிழ் இசைச் சங்கமும் எழுப்பியது இதே வழக்கு. தெலுங்குக் கீர்த்தனையைப் பொருள் தெரியாமல் கேட்கும் தமிழருக்கு முழு இன்பம் கிடைக்குமா? நாதத்துக்கு மொழி இல்லை என்றார்கள் ஒரு சாரார். சொல் புரியாத பாட்டில் பாவம் ஊனப்படும் என்றார்கள் கல்கி முதலியோர்.

இரு சாராருமே உண்மையின் ஒரு பகுதியைப் பிடித்திருந்தார்கள் என்பதைப் பின்வந்த காலம் காட்டியது. ஆலாபனையை ரசிக்க மொழி வேண்டாம். ராகம் பற்றிய காதுப்பழக்கம் வேண்டும். சாகித்தியத்தின் நெகிழ்ச்சிக்கு மொழி வேண்டும். வனப்பெழுத்திலும் கோட்டின் ஓட்டம் ஆலாபனைக்கு நிகர், கவிதை சாகித்தியத்துக்கு நிகர். வேறுபாடு ஒன்று: பாட்டில் ஆலாபனையைத் தனியே பிரித்துக் கேட்கலாம், எழுத்தில் ஓட்டமும் சொல்லும் ஒரே கோட்டில் ஒட்டியிருக்கின்றன. ஆகவே படிக்காதவர் எதை இழக்கிறார் என்பது அவருக்கே தெரியாமல் போகலாம்.

தமிழரின் எழுத்து மரபும் இங்கே ஒரு தடையாக இருக்கக்கூடும். எழுத்தாணி ஓலையில் கீறிய கோடு பெரும்பாலும் ஒரே கனத்தது. அழுத்தமும் வேகமும் கோட்டின் தடிமனில் பதிவதை நம் கண் எதிர்பார்த்துப் பழகவில்லை. அழகான எழுத்து நமக்கு இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தவர் அறிவார். எனினும் அவற்றை எழுதியவரின் கையைத் தேடி யாரும் பார்ப்பதில்லை. சீனமும் தமிழும் ஒரே கல்லில் இடம்பெற்ற காலமும் இருந்தது: சுவான்ஜோவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹேயின் பெயரால் 1409 எனத் தேதியிட்டு இலங்கையின் காலி நகரில் நாட்டப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள மும்மொழிக் கல். இவ்வளவு பழைய அண்டை உறவு, ஒருவர் எழுத்தை மற்றவர் கலையாகப் பார்க்கும் பழக்கமாக வளரவில்லை.

முடிவாகாதவை

படிப்பறிவு இந்தக் கலையின் வாயில் அல்ல என்பது இந்த வாதங்களிலிருந்து ஓரளவு உறுதியாகத் தெரிகிறது. கையின் தடத்தைப் பின்தொடரும் பழக்கமே வாயில். அந்தப் பழக்கம் எந்த மொழியாருக்கும் வரக்கூடியது. ஆனால் யான் ஜென்சிங்கின் வரைவு போன்ற படைப்புகளில் பொருள் தெரியாத பார்வை குறைவானதே. அதைக் குறைவு என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. படியெடுத்த எழுத்தில் நாம் யாருடைய கையைப் பார்க்கிறோம், உருவம் கலைந்த பிறகு எழுத்து எந்தப் புள்ளிவரை எழுத்தாக நிற்கிறது, கணினி விசையில் சீனம் எழுதும் தலைமுறை தூரிகையின் அசைவைத் தன் உடலில் உணருமா என்ற மூன்றுக்கும் இன்னும் தெளிவான விடை இல்லை. மூன்றாவது கேள்விக்கான விடையைச் சிங்கப்பூர் மற்ற நாடுகளுக்கு முன்பாகவே காணக்கூடும்.

செய்யத்தக்கது ஒன்று இப்போதே இருக்கிறது. சீன மையோவியங்களின் மேலுள்ள கவிதை வரிகளையும் பின்னுரைகளையும் காட்சிக்கூடங்கள் தமிழிலும் தருவதை வழக்கமாக்க வேண்டும். சீனமும் தமிழும் அறிந்த மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் தங்கள் பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தின் தமிழ் அடுக்கில், தூரிகை, தாள், மை, கோட்டு வரிசை, ஐந்து எழுத்து வகைகள் ஆகியவற்றை விளக்கும் ஒரு சிறு தமிழ்க் கையேடு இருக்க வேண்டும். அதை எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் எழுத முன்வர வேண்டும்.